பையும் காவலாளியும்

கண் கிடையாது. காது கிடையாது. பிறந்த வீட்டை விட்டு ஒருநாளும் வெளியே வந்ததில்லை. ஆனாலும் முன்பின் அறியாத திருடன் நுழைந்தால் கண்டுபிடித்துவிடுவான். யார் அவன்? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

தூத்துக்குடியில் ஜெசிந்தா என்று ஒரு வயிற்று டாக்டர் இருந்தார். தன்னிடம் வரும் பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி கேட்கலாம் என்பது அவர் வைத்திருந்த வழக்கம். ஏழாம் வகுப்புச் செம்மலர் கேட்டுக் கேட்டே அவருக்குச் சிஷ்யை ஆகிவிட்டாள்.

செம்மலரின் வயிற்றில் கிருமி இருந்தது. பதினான்கு நாள் மாத்திரை முடிந்து ஒரு மாதம் ஆகிறது. கிருமி போய்விட்டதா என்று பார்க்க இன்று ஒரு பையில் ஊத வேண்டும்; அந்த மூச்சைச் சோதித்தால் தெரிந்துவிடும். போயிருந்தால் வெள்ளிக்கிழமை கோ-கோ முகாமுக்குக் கிளம்பலாம். இருந்தால் மறுபடி மாத்திரை. முகாம் கிடையாது.

"ரெண்டு வாரமா அசிடிட்டி மாத்திரை எதுவும் போடலியே? போட்டிருந்தா கிருமி அடங்கிக் கிடக்கும். பை, கிருமி இல்லைன்னு பொய் சொல்லிடும்."

"போடலை டாக்டர்."

நேற்றும் முந்தாநாளும் வலி தாங்காமல் அப்பாவின் மாத்திரையை எடுத்து விழுங்கியிருந்தாள். வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவுக்குக்கூட அது தெரியாது.

"சரி, இன்னைக்குக் கேள்வி?"

"கிருமி வந்தது வயித்துக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் கண்ணே இல்லையே."

"கண்ணை மூடு. கையை நீட்டு."

டாக்டர் அவள் விரலில் பஞ்சை வைத்து எடுத்தார். மறுபடி பஞ்சு. மறுபடியும் பஞ்சு.

"பஞ்சு மிட்டாயா டாக்டர்? நாக்குல வைங்க."

"சும்மா இரு, வாயாடி."

அடுத்ததைத் தொட்டதும் விரல் நின்றது.

"இது பஞ்சு இல்லை."

"பின்னே என்ன?"

"தெரியலை. பஞ்சு இல்லை, அவ்வளவுதான்."

கண்ணைத் திறந்தாள். டாக்டர் கொறித்துப் போட்ட வேர்க்கடலையின் ஓட்டுத் துணுக்கு.

"உன் இரைப்பைச் சுவர்ல இருக்கிற செல்லுக்குள்ளேயும் இப்படி ஒரு காவலாளி இருக்கான். கிருமியைச் சுத்தி ஓடு மாதிரி ஒரு சுவர் உண்டு. அந்தச் சரக்கை நம்ம உடம்பு செய்யறதே இல்லை. கிருமி ஊசி மாதிரி ஒண்ணை செல்லுக்குள்ள குத்தும்போது, அந்தச் சுவரோட துணுக்கும் உள்ளே விழும். காவலாளி தொட்டுப் பார்ப்பான். நம்மது இல்லைன்னு கத்துவான்."

"கிருமியோட மூஞ்சியைப் பார்க்கவே மாட்டானா?"

"வேண்டியதில்லை."

"கத்தினா அது ஓடிடுமா?"

"இந்தக் கிருமி ஓடாது. இரைப்பைச் சுவர் மேல படிஞ்சிருக்கிற கோழைக்குள்ள ஒளிஞ்சுக்கும். இவன் கத்திக்கிட்டே இருப்பான். உடம்போட படை வரும், சண்டை நடக்கும். புண்ணாகிறது உன் வயிறு."

டாக்டர் பையை நீட்டினார். செம்மலர் வாங்கிக்கொண்டாள். ஊதவில்லை.

"அசிடிட்டி மாத்திரை போட்டா அவனும் ஏமாந்துடுவானா?"

டாக்டர் அவளைப் பார்த்தார்.

"பை ஏமாறும்," என்றார். "அவன் உள்ளே இருக்கானே."

செம்மலர் பையை மேசைமேல் வைத்தாள். மாத்திரை போட்டதைச் சொன்னாள்.