மூடிய கையும் நஞ்சுக்கொடியும்

அந்தக் காலத்தில் விலங்குகள் மட்டுமல்ல, வயிற்றுக்குள் இருப்பவையும் பேசிக்கொண்டன. அப்போது செவந்தாயி என்ற பெண்ணுக்கு ஏழாம் மாதம். அவளுடைய கருப்பை மகா முரடன். விழித்தால் போதும், உள்ளே கிடக்கும் பிள்ளையை நெருக்கி வெளியே தள்ளிவிடுவான். அவனைத் தூங்கவைக்கும் நீரைச் சுரப்பதுதான் நஞ்சுக்கொடியின் வேலை. அடுத்தவனைத் தூங்கவைப்பவளுக்குத் தூக்கம் ஏது? விழித்தே கிடப்பவர்களுக்கு வரும் நோய் அவளுக்கும் வந்தது. சந்தேகம்.

அவள் சுரந்த நீர் வாசலில் குட்டையாய்த் தேங்கும். தாயின் ரத்த ஆற்றிலிருந்து ஒரு சுமைகாரன் வந்து அதை அள்ளி, கைக்குள் பொத்திக்கொண்டு கருப்பையிடம் போவான். ஒருநாள் கொடி அவனை மறித்தாள்.

"நில்லுடா. கையைத் திற."

"திறந்தா வழியிலேயே சிந்திடும், அக்கா. போற இடத்துலதான் திறப்பேன்."

"அதை யார் கண்டது? நீயே குடிச்சுட்டு வாயைத் துடைச்சுக்கிட்டா?"

"எனக்கு வாயே இல்லையே, அக்கா."

"அதையும் எங்கேயாவது ஒளிச்சு வச்சிருப்பே!"

அன்றே வாசலை அடைத்தாள். குட்டை நிறைந்தது. நிறைந்த குட்டையைக் கண்டால் அவள் உடம்பு தானாகச் சுரப்பை நிறுத்திக்கொள்ளும். அது அவளுடைய பிறவிக் குணம். "எல்லாம் கண்ணு முன்னால பத்திரமா இருக்கு" என்று முதல்முறையாகக் கண்ணயர்ந்தாள்.

பிள்ளையின் குரல்தான் எழுப்பியது. "கொடியம்மா, யாரோ என்னை அமுக்குறாங்க!"

கருப்பை விழித்துவிட்டிருந்தான். "எனக்கு வர வேண்டியது ஏன் வரலை?" என்று உறுமி இறுக்கினான். வெளியே செவந்தாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, இன்னும் மாசம் ஆகலையே" என்று உட்கார்ந்துவிட்டாள்.

கொடி குட்டையைப் பார்த்தாள். ததும்பி நின்றது. ஒரு சொட்டுகூட அவனிடம் போய்ச் சேரவில்லை. எடுத்துப் போக அவளுக்குக் காலும் இல்லை, கையும் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே வாசலைத் திறந்தாள்.

சுமைகாரன் அங்கேயே நின்றிருந்தான்.

"இன்னும் போகலையா நீ?"

"வெறுங்கையோட எங்கே போறது, அக்கா?"

அள்ளினான். அவன் பின்னால் அவன் இனத்தார் நூறு பேர் அள்ளினார்கள். வாசல் காய்ந்தது. காய்ந்த வாசலைக் கண்டதும் அவள் உடம்பு பதறிச் சுரந்தது. முன்பு ஒருபோதும் அவ்வளவு சுரந்ததில்லை. அவர்கள் அள்ள அள்ள அவள் சுரந்தாள். கொஞ்ச நேரத்தில் கருப்பையின் குறட்டை கேட்டது. பிடி தளர்ந்து பிள்ளை புரண்டு படுத்தது.

"இப்பவாவது நம்புறியா, அக்கா?"

"குறட்டை கேட்குதுதான். ஆனா உன் கைக்குள்ள இருந்ததை நான் இன்னும் பார்க்கலையே."

படித்தவர்கள் இப்போது அந்த நீரை ஹார்மோன் என்றும், சுமைகாரனைப் புரதம் என்றும் சொல்கிறார்கள்.

அன்று முதல்தான், புரதம் வந்து பற்றிக்கொண்டு போகப் போக நஞ்சுக்கொடி கூடுதலாய்ச் சுரக்கிறாள். ஆனாலும் சந்தேகம் விட்டபாடில்லை. பிள்ளை முழுசாய்த்தான் போய்ச் சேர்ந்ததா என்று தன் கண்ணால் பார்க்க, அது பிறந்த கையோடு பின்னாலேயே அவளும் வெளியே வந்துவிடுகிறாள்.