ரசம் ஊத்தினது யார்?

வெள்ளைக்காரன் காலத்துக் கோர்ட்டில் ஜூரிகள் ஐந்து பேர் உட்கார்ந்து, ஆள் குற்றவாளியா இல்லையா என்று சொல்வார்கள். அப்படி ஒரு பிற்பகலில், மிராசுதார் வைத்தியலிங்கம் பிள்ளையின் வாழைத்தாரைத் திருடியதாக, கோர்ட்டுக்கு எதிரே சாப்பாட்டுக்கடையில் பரிமாறும் கோதண்டம் கூண்டில் நின்றான்.

"இவனேதான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்று மிராசுதார் மீசையை நீவினார். இவ்வளவு பெரிய மீசை பொய் சொல்லுமா? ஜூரிகள் தலையை ஆட்டினார்கள். ஆறு மாசம் ஜெயில் உறுதி.

"கண்ணால பார்த்தது தப்புன்னு உன்னால நிரூபிக்க முடியுமா?" என்றார் ஜட்ஜ்.

கோதண்டம் ஜூரிகள் பக்கம் திரும்பினான். "மத்தியானம் எங்க கடையிலதானே சாப்பிட்டீங்க. ரசம் ஊத்தினது யாருங்க?"

"நீதான். கை சுடுற மாதிரி ஊத்தினியே" என்றார் ஜூரித் தலைவர். மற்ற நால்வரும் ஆமாம் போட்டார்கள். மிராசுதாரும் விடவில்லை. "என் வேட்டியில வேற சிந்தினான்."

காவலுக்கு நின்ற ஏட்டு கனைத்தார். "இவன் நாலு நாளா லாக்கப்பில இருக்கானுங்க."



"அப்போ ஊத்தினது யாருடா?" என்றார் ஜூரித் தலைவர்.

"என் சம்சாரமுங்க" என்றான் கோதண்டம். "புடவைதான் கட்டியிருந்திருப்பா."