செண்பகா அடுக்ககத்தார் துப்பாக்கி வாங்கிய வைபவம்

திருச்சியில் கருமண்டபத்தைத் தாண்டினால் செண்பகா அடுக்ககம் என்று பன்னிரண்டு வீடுகள். ஆண்டவன் ஊருக்கெல்லாம் புத்தியைப் பங்கு போட்டுக் கொடுத்த அன்றைக்கு இந்தப் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் சங்கக் கூட்டத்தில் மும்முரமாக இருந்திருக்கிறார்கள். வரிசையில் போய் நிற்க ஒருத்தருக்கும் நேரமில்லை. கூட்டக் குறிப்பை மட்டும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி வைத்திருந்தார்கள்.

அந்தச் சங்கத்துக்குச் செயலாளர் வைத்தியலிங்கம். தங்கமான மனுஷன், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்குக் காய்கறிப் பையோடு மூன்றாவது மாடியில் லிஃப்டை விட்டு இறங்கினார். முன்பின் தெரியாத ஒருத்தன் மிக்சி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தான். ஐயோ பாவம், இரண்டு கையும் வேலையாக இருக்கிறதே என்று இவர் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டார். "கீழேதானே?" என்று கேட்டுப் பொத்தானையும் அமுக்கி வழியனுப்பிவிட்டு வீட்டுக்குள் போனார். அடுப்படியில் மிக்சியைக் காணோம்.

தூக்கத்திலிருந்து எழுந்து வந்த அவர் மனைவி காந்திமதி நடந்ததைக் கேட்டுவிட்டு அடுப்படியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏங்க, நம்ம மிக்சின்னு தெரியலையா?"

"உறை போட்டிருந்தது காந்தி. அவன் சட்னி ஜாரை மறந்துட்டுப் போயிட்டான், பாத்தியா? முன்னாடியே தெரிஞ்சிருந்தா கூப்பிட்டுக் குடுத்திருப்பேன்."

காந்திமதி நேராகப் போய்ப் பீரோவைத் திறந்தாள். பையில் நாலு புடவையை எடுத்து வைத்தாள். "உங்களை நம்பி இந்த வீட்டுல இருக்கிறதுக்கு ஒரு துப்பாக்கியை நம்பி இருக்கலாம். அதை வாங்கி வெச்சிட்டுச் சொல்லி அனுப்புங்க, வரேன்" என்று சொல்லிவிட்டுத் தஞ்சாவூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

ஆத்திரத்தில் சொன்ன பேச்சு என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். வைத்தியலிங்கம் அதை ஒரு தாளில் தேதி போட்டு எழுதிக்கொண்டார். முப்பது வருஷத்தில் அவளை விட்டு ஒரு வாரம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. அன்றைக்குத் தானே போட்ட காப்பியைக் குடித்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. துப்பாக்கி வந்தால் காந்திமதி வருவாள், வராவிட்டால் வரமாட்டாள். இனி அவருக்குத் துப்பாக்கிதான் மூச்சு.

சங்கம் அவசரமாகக் கூடியது. தலைவர் ஞானப்பிரகாசம், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பொருளாளர் உமாபதி, வைத்தியலிங்கத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர். மற்றவர்களுடைய வேலை கை தூக்குவது.

"உரிமம் செயலாளர் பேர்ல இருந்துட்டுப் போகட்டும்" என்றார் தலைவர். "ஆனா திருடன் எல்லாருக்கும் பொது. அதனால துப்பாக்கியும் பொது. எதை வாங்கினாலும் பன்னிரண்டு வீட்டுக்கும் பொருந்தணும்."

"சுழல் துப்பாக்கின்னா ஆறு குண்டாம்" என்றார் உமாபதி. "வந்தது ஒரே ஒரு திருடன். பாக்கி அஞ்சு குண்டை என்ன பண்றது?"

அரை மணி நேரம் அதை அலசினார்கள். ஆறு பேராகச் சேர்ந்து வரச் சொல்லித் திருடர்களுக்கு அறிவிப்புப் பலகை வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். கார் நிறுத்த இடம் போதாது என்று அதைத் தள்ளுபடி செய்தார்கள்.

"இன்னொரு சங்கதி" என்று தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மதியம் ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் நம்ம குடியிருப்புல சத்தம் போடக் கூடாது. சுவத்துல ஆணி அடிக்கக்கூட ரெண்டு நாள் முன்னாடி எழுதிக் குடுக்கணும். இது விதி. திருடன் வந்தது ரெண்டு மணிக்கு."

எல்லார் முகமும் தொங்கிப்போனது. கடைசியில் வைத்தியலிங்கமே வழி சொன்னார். திருடனைப் பார்த்த உடனே சுடுவதற்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிடுவது, இரண்டு நாள் கழித்து நாலு மணிக்கு மேல் சுடுவது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது, டீ வந்தது.

மறுநாள் நிர்வாகிகள் மூவரும் துப்பாக்கிக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் அப்துல் மஜீது பொறுமைசாலி. அவ்வளவு பொறுமை இருந்திருக்கக் கூடாது. உரிமம் வந்தால்தான் விற்க முடியும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, தெரிந்துகொள்ளட்டுமே என்று மூன்று விஷயங்களை நிதானமாக எடுத்துச் சொன்னார்.

"முதல்ல, கைக்குப் பொருந்தணும் சார். பெருசா இருந்தாப் பிடி நிக்காது. ரெண்டாவது, நீங்க இருக்கிறது அடுக்குமாடி. குண்டு நடுச்சுவரைத் துளைச்சுக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிடும், அதை மனசுல வைக்கணும். மூணாவதுதான் முக்கியம். எந்தத் துப்பாக்கியா இருந்தாலும் குண்டு நிரப்பி இருக்குன்னே நெனைச்சு நடந்துக்கணும்."

உமாபதி ஒரு வார்த்தை விடாமல் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். உருப்படியான யோசனை ஒன்று இவர்கள் கையில் கிடைத்தால் அதன் கதி என்ன ஆகும் என்பதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

பன்னிரண்டு வீட்டிலும் பெரியவர்கள் ஒவ்வொருவரும் பழைய மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் கையை வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுக் கொடுத்தார்கள். தலைவர் நாலு நாள் உட்கார்ந்து எல்லாக் கையையும் கூட்டி வகுத்துச் சராசரி எடுத்தார். இரண்டாம் மாடிக்காரர் ஒருவருக்கு மரமறுக்கும் பட்டறையில் விரல் ஒன்று போயிருந்ததால், கணக்குப்படி நாலு விரலும் சொச்சமும் வந்தது. அந்தச் சொச்சத்தையும் விடாமல் அட்டையில் வெட்டினார்கள். உலகத்தில் யாருக்குமே இல்லாத ஒரு கை தயாரானது.

அடுத்து, சுவர்.

"குண்டு சுவரைத் துளைச்சிட்டு என் படுக்கையறைக்கு வரும்னு சொல்றார்" என்றார் உமாபதி. "எம் பொண்டாட்டி அங்கதான் சீரியல் பாக்கிறா."

அதற்கும் வைத்தியலிங்கமே வழி சொன்னார். "சுவர் இருந்தாத்தானே துளைக்கும்?"

கூட்டத்தில் எல்லாரும் அவரை மரியாதையோடு பார்த்தார்கள். மறு வாரமே கொத்தனார் வந்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்துத் தள்ளினார். முன்பெல்லாம் திருடன் இரண்டு பூட்டை உடைக்க வேண்டியிருந்தது. இப்போது ஒன்றை உடைத்தால் இரண்டு வீட்டையும் பார்த்துவிட்டுப் போகலாம், செருப்பைக்கூட ஒரே இடத்தில் விடலாம். அவ்வளவு பாதுகாப்பு.

மூன்றாவது யோசனைக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. எந்தத் துப்பாக்கியிலும் குண்டு நிரப்பி இருக்கிறது என்றே நினைக்க வேண்டும் என்று கடைக்காரரே சொன்ன பிறகு, தனியாகக் குண்டு வாங்குவது அவரை அவமதிப்பது ஆகும் என்றார் தலைவர். குண்டு வாங்குவதில்லை என்று முடிவானது. குண்டே இல்லை என்றால் சுவரை எதற்கு இடித்தார்கள் என்று நீங்கள் கேட்கிறீர்கள். அதைக் கேட்க அந்தக் கூட்டத்தில் நீங்கள் இல்லையே, என்ன செய்வது.

உரிமத்துக்கு ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் வைத்தியலிங்கம் பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டார், உமாபதியின் குடும்பத்தோடு உட்கார்ந்து சீரியல் பார்த்தார், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தஞ்சாவூருக்குப் போன் போட்டார்.

"எப்ப வரே காந்தி?"

"துப்பாக்கி வந்துச்சா?"

"விண்ணப்பம் நகருது."

"நகரட்டும்" என்று அவள் வைத்துவிடுவாள். அண்ணன் வீட்டில் புது மிக்சி இருந்தது. அவளுக்கு அவசரம் ஒன்றுமில்லை.

உரிமம் வந்த அன்றைக்கு மூவரும் அட்டைக் கையோடு கடைக்குப் போனார்கள். அப்துல் மஜீது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யார் கை?"

"சங்கத்தோட கை" என்றார் தலைவர்.

கடைக்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை. நாற்பது வருஷ வியாபாரம் அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்திருந்தது. ஒவ்வொரு துப்பாக்கியாக எடுத்து அட்டைக் கையில் வைத்தார்கள். அட்டை மடங்கிக்கொண்டே இருந்தது. ஆறாவதாக வைத்த ஒரு கறுப்புத் துப்பாக்கி விழாமல் ஒரு நிமிஷம் நின்றது. அதுவே தேர்வானது. வைத்தியலிங்கத்தின் நிஜக் கைக்கு அது பொருந்தவே இல்லை. அதற்காகப் பெரும்பான்மையை மீற முடியுமா?

பெட்டியைக் கையில் கொடுக்கும்போது கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். "உரிமம் உங்க பேர்ல இருக்கு சார். உங்களைத் தவிர வீட்டுல வேற யாருக்கும் இது எட்டக் கூடாது. ஞாபகம் வெச்சுக்குங்க."

வைத்தியலிங்கம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தஞ்சாவூருக்குச் சொல்லி அனுப்பினார். பிறகு எட்டாத இடம் தேட ஆரம்பித்தார். அலமாரி, பரண், பீரோவுக்கு மேல், சாமி படத்துக்குப் பின்னால் என்று எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தார். கடைசியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன செயலாளரே?" என்று, இல்லாத சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து உமாபதி கேட்டார்.

"எனக்கு எட்டுற இடமெல்லாம் காந்திக்கும் எட்டுது. அவ என்னைவிட ரெண்டு அங்குலம் உசரம்."

"அப்போ துப்பாக்கியைத் தஞ்சாவூர்ல வைக்கணும்."

"உரிமத்துல இந்த விலாசம்ல போட்டிருக்கு?"

உமாபதி யோசித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "அப்போ அவங்களைத்தான் தஞ்சாவூர்ல வைக்கணும்."

காந்திமதி மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள். ஏழு மாதக் கோபமும் ஆறித்தான் இருந்தது. மனுஷன் தனக்காக அலைந்து திரிந்து இவ்வளவு செய்திருக்கிறாரே என்று உள்ளுக்குள் நெகிழ்ந்துகூடப் போயிருந்தாள். வாசலில் பையை வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். கூடத்துக்கு அப்பால் உமாபதியின் மனைவி கட்டிலில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக் கையசைத்தாள்.

காந்திமதி அதைப் பற்றிப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று செருப்பைக் கழற்றினாள். வைத்தியலிங்கம் குறுக்கே வந்து நின்றார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"உள்ள வராத காந்தி. துப்பாக்கி வந்துடுச்சு."

"அது வந்துடுச்சு, நான் வரலாம்னுதானே சொல்லி அனுப்பினீங்க?"

"வரலாம்னுதான் வாங்கினேன். வாங்கினப்புறம்தான் தெரியுது, அது இருக்கிற வீட்டுல நீ இருக்கக் கூடாதாம். உங்க அண்ணன் வீட்டுலயே இரு. அங்க துப்பாக்கி இல்ல. அதான் உனக்குப் பாதுகாப்பு."

காந்திமதி சுவர் இருந்த இடத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினாள். லிஃப்டுக்கு நிற்கக்கூட இல்லை. வைத்தியலிங்கம் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். அவள் இல்லாத வீட்டில், குண்டு நிரம்பியதாக நினைத்துக்கொள்ள வேண்டிய ஒரு பொருளோடு தான் மட்டும் தனியாக எப்படி இருப்பது? பூட்டை எடுத்து வாசல் கதவைப் பூட்டினார், சாவியை உமாபதியிடம் கொடுத்தார், "காந்தி, இரு, நானும் வரேன்" என்று கத்திக்கொண்டே ஓடித் தஞ்சாவூர் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சுவர் இல்லாத அந்த வீட்டில் துப்பாக்கியோடு மிச்சம் இருந்தவர் உமாபதிதான். அவர் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு மாமனார் வீட்டுக்குக் கிளம்பினார். வேறு யாருக்கும் எட்டக் கூடாது என்ற கடைக்காரர் பேச்சு பரவியதும் மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாகக் காலியாயின. வாரக் கடைசியில் அத்தனை பெரிய கட்டடத்தில் துப்பாக்கி மட்டும் குடியிருந்தது.

தலைவருக்கு மனசு கேட்கவில்லை. எல்லாரையும் எதிர்ச்சாரி டீக்கடைக்கு வரவழைத்துக் கூட்டம் போட்டார். தஞ்சாவூரிலிருந்து வைத்தியலிங்கமும் வந்தார். இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பிறகு ஒரு புது உரிம விண்ணப்பத்தை நிரப்பி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

வாங்கிப் பார்த்த அதிகாரி, யாருக்கு ஆபத்து என்ற கட்டத்தில் எழுதியிருந்ததை இரண்டு தரம் படித்தார்.

"எங்கள் துப்பாக்கிக்கு. ஆள் துணை இல்லாத வீட்டில் தனியாக இருக்கிறது. திருடன் வந்தால் அதைக் காப்பாற்ற இன்னொரு துப்பாக்கி வேண்டும்."