பதினோராம் வளைவில் இறங்கிய முள்

சுலோச்சனாவுக்கு நேர்ந்த இக்கட்டு இது. கேட்பவர்கள் மீட்டர் முள்ளின்மேல் ஒரு கண் வைத்திருக்கட்டும்.

அவள் கணவன் ஆரோக்கியம் தேயிலைத் தோட்டத்து மெக்கானிக். நுரையீரல் கெட்டுப்போய், ஆக்சிஜன் இயந்திரத்தின் துணையில்தான் மூச்சு ஓடியது. உடம்பு நன்றாக இருந்த நாளில், தன் பழைய டீசல் ஜீப்பின் பக்கவாட்டில் ஓடும் புகைக்குழாயில் ஒரு தகடு பொருத்தியிருந்தான். அதன் ஒரு முகம் கொதிக்கும் குழாயை ஒட்டியிருக்கும். மறுமுகத்தில் அலுமினியச் செதில்கள் வெளிக்காற்றைப் பார்த்திருக்கும். வீணாய்ப் போகிற சூடு அதில் மின்சாரமாகும். எவ்வளவு வருகிறது என்று காட்ட ஒரு முள் மீட்டரும் வைத்திருந்தான்.

மழையில் தோட்டத்துக்கு இரண்டு நாளாக மின்சாரம் இல்லை. இயந்திரத்தின் பேட்டரி தீர்ந்தது. ஜீப்பிலோ பேட்டரியும் டைனமோவும் எப்போதோ செத்தவை. சரிவில் தள்ளித்தான் கிளப்பினார்கள். ஆக்சிஜன் இயந்திரத்தைத் தகட்டோடு இணைத்து, அதை நம்பி மருத்துவமனைக்குப் புறப்பட்டார்கள். பக்கத்து வீட்டுத் தர்மலிங்கம் ஓட்டினான். நோயாளியோடு சுலோச்சனாவும், நாத்தனார் பிலோமினாவும் பின்னால் இருந்தார்கள். வண்டி ஓடியவரை முள் நிமிர்ந்தே நின்றது.

மலைப்பாதையின் பதினோராம் வளைவில் மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது. அள்ளி முடிக்க இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். தர்மலிங்கம் இன்ஜினை உறுமவிட்டபடி நின்றான். குழாய் கொதித்தது, செதில்களையும் தொட முடியவில்லை. முள் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. ஆரோக்கியத்தின் உதடு நீலம் பாரித்தது.

"இன்னும் மிதிக்கிறேன்க்கா. சூட்டுலதானே கரண்டு வருது?" என்றான் தர்மலிங்கம்.

பிலோமினா ஓடை நீரை வாளியில் பிடித்து வந்தாள். "அண்ணி, செதில் மேல ஊத்துவோம். குழாயில படக் கூடாது."

"சூடு ஆறிப்போனா உங்கண்ணன் உசுரு போயிடும்டி!"

இன்ஜினை அணைத்துவிட்டு, ஆள் பிடித்துக் கணவனைத் தூக்கிக்கொண்டு மீதமிருந்த ஆறு கிலோமீட்டரும் நடந்துவிடலாம் என்றே சுலோச்சனாவுக்குத் தோன்றியது. தகட்டின் விவரம் தெரிந்தவன் ஆரோக்கியம் ஒருவன்தான். அவனால் பேச முடியவில்லை. அவள் முந்தானையை இறுகப் பிடித்திருந்தான்.

மூவரில் யார் நினைத்தது சரி?

விடை: பிலோமினா. மின்சாரம் வெறும் சூட்டில் பிறக்கவில்லை. தகட்டின் இரு முகங்களுக்கும் இருந்த சூட்டு வித்தியாசத்தில் பிறந்தது. ஓடும்போது காற்று செதில்களை ஆற்றியது. நின்றதும் அவையும் கொதித்தன. மேலும் மிதித்தால் இரண்டும் சேர்ந்தே கொதிக்கும். அணைத்தாலோ, ஆக்சிஜன் இயந்திரம் உடனே நின்றுவிடும்; மறுபடி தள்ளிக் கிளப்பவும் பாதையில்லை. கடைசியில் வாளியைப் பிடுங்கி, கண்ணை மூடிக்கொண்டு ஊற்றியவள் சுலோச்சனாதான். ஆவி முகத்தில் அடித்தது. முள் ஏறியது. பாதை திறக்கும்வரை இரண்டு பெண்களும் நீர் சுமந்தார்கள். மருத்துவமனை வாசலில் ஆரோக்கியத்தை இறக்கிய பிறகும் தர்மலிங்கம் இன்ஜினை அணைக்கவில்லை. உள்ளே ஆக்சிஜன் கொடுத்துவிட்டார்கள் என்று பிலோமினா ஓடிவந்து சொன்ன பிறகே மிதியிலிருந்து காலை எடுத்து அணைத்தான்.