தரையில் விரிந்த ஊர்

திட்டம் எழுதக் கற்றுக்கொடுக்கும் பொற்கொடிக்கு வயது முப்பத்திரண்டு. அவரிடம் மாணவராகச் சேர்ந்த திருமேனிக்கு ஐம்பத்தாறு. ‘அண்ணே’ என்று ஆசிரியை அழைப்பார். ‘டீச்சர்’ என்று மாணவர் எழுந்து நிற்பார். இருவருக்கும் அதில் கூச்சமில்லை.

திருமேனியின் தொண்டு நிறுவனம் ஈச்சங்கரடு என்ற சிற்றூருக்கு ஆழ்துளைக் கிணறு போட நிதி கேட்டிருந்தது. விண்ணப்பம் இருமுறை திரும்பிவிட்டது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் போனால், அவ்வூர்ப் பெண்கள் இந்தக் கோடையிலும் மூன்று கிலோமீட்டர் குடம் சுமக்க வேண்டியதுதான்.

“நாற்பது பக்கம் எழுதியிருக்கேன் டீச்சர். எதுல குறை?”

பொற்கொடி கடைசிப் பக்கம் வரை படித்தார்.

“கிணறு வேணும்னு யார் சொன்னாங்க?”

“ஊர்ல தண்ணியே இல்லை. இதைப் போய் ஒருத்தர் சொல்லணுமா?”

பொற்கொடி எழுந்தார். ஒரு டப்பா கோலமாவை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். திருமேனி பின்னாலேயே ஓடினார்.

ஈச்சங்கரட்டில் பெண்கள் கூடினார்கள். பொற்கொடி டப்பாவை முன்னால் நின்ற குருவம்மாள் என்ற பெண்ணிடம் நீட்டினார்.

“அக்கா, உங்க ஊரை எங்களுக்கு வரைஞ்சு காட்டுங்க.”

“எனக்குக் கையெழுத்தே வராதும்மா.”

“வாசலை அடைச்சுத் தேர்க்கோலம் போடத் தெரியுதுல்ல? போடுடி!” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சிரிப்பு எழுந்தது.

குருவம்மாள் குனிந்தாள். முதலில் ஊரை ஒட்டிய பாறைக்குன்றான கரடு வந்தது. பிறகு வீடுகள். இன்னொருத்தி புளியங்கொட்டையால் மரங்களை வைத்தாள். மழைத்தண்ணீர் இறங்கும் வழிகளை ஏழெட்டுக் கைகள் சேர்ந்து இழுத்தன. எந்தப் பாறையில் பிரியும், எங்கே சேரும், சித்திரையிலும் எந்த மண் ஈரமாக இருக்கும், எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு கோடு தவறினால் நான்கு குரல்கள் திருத்தின.

திருமேனி இமைக்காமல் பார்த்தார். ஆறு மாதமாக வந்துபோன ஊர். இன்றுதான் அதைப் பார்க்கிறார்.

“அண்ணே, குளத்துக்குள்ள நிக்கிறீங்க!” என்றாள் குருவம்மாள்.

திருமேனி துள்ளி விலகினார். காலடியில் பெரிய வட்டம். தன்னையறியாமல் செருப்பைக் கழற்றினார்.

“குளமா? இங்கே வெறும் பொட்டல்தானே இருக்கு?”

“எங்க அம்மா காலத்துல அதுல தண்ணி வத்தினதே இல்லை. ரோடு போட்டப்போ தண்ணி வர்ற வரத்துக்கால்ல மண்ணைக் கொட்டிட்டாங்க. அதுலேருந்து மழைத்தண்ணி குளத்துக்கு வராம ஓடைக்குப் போயிடுது.” குருவம்மாள் ஓர் இடத்தில் விரலை ஊன்றினாள். “இந்த அடைப்பை எடுத்துவிட்டாப் போதும்.”

“இதை ஏன் என்கிட்ட சொல்லலை?”

“எத்தனை குடும்பம்னு கேட்டீங்க, சொன்னோம். வேற எதுவும் கேக்கலையே.”

அறுநூறு அடி ஆழத்தில் தண்ணீரைத் தேடச் சொன்ன நாற்பது பக்கங்களும் திருமேனியின் பையில் கனத்தன.

அவர் புதிய படிவத்தை எடுத்து அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஊரைப் பார்த்துப் பார்த்து எழுதினார். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.

“டீச்சர், ‘திட்டத்தை வகுத்தவர்’னு கேட்டிருக்காங்க. உங்க பேரைப் போடவா, என் பேரையா?”

பொற்கொடி பெண்கள் பக்கம் திரும்பினார்.

“கையில மாவு ஒட்டியிருக்கிறவங்க பேரை எல்லாம் கேட்டு எழுதுங்க, அண்ணே.”