காத்திருக்க மறுத்த ராஜத்துரோகி

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், ஓர் அரசர் கண்ணாடியில் தம் மீசையின் முதல் நரையைப் பார்த்துவிட்டார். உடனே மனம் இளகிவிட்டது. "அறுபது நிரம்பிய அனைவருக்கும் அரண்மனை வைத்தியசாலையில் ஆயுள் முழுக்க இலவச வைத்தியம்!" என்று சபையில் அறிவித்தார்.

அரண்மனை வைத்தியர் நாகலிங்கப் பண்டிதருக்கு இது பிடிக்கவில்லை. ஊர்க் கிழடுகள் எல்லாம் வந்து நின்றால் அவர் எப்போது தூங்குவது? ஓலையில் தாமாகவே ஒரு நிபந்தனையைச் சேர்த்தார். 'பிறந்த ஆண்டின் பெயர் அறுபது ஆண்டு கழித்துத் திரும்பி வரும்போது, பிறந்தநாளிலிருந்து ஏழு நாளுக்குள் நேரில் வந்து பெயர் எழுத வேண்டும். தவறியவர், அதே ஆண்டு மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். மீறினால் தண்டனை.' அரசர் நரையை இழுத்துப் பார்த்தபடியே முத்திரை குத்தினார்.

இதை ஊர் ஊராக நடந்து அறிவித்தவர் முரசறையும் பொன்னாண்டி. நாற்பது நாள் நடந்ததில் கால் புண்ணாகி, வீங்கி, காய்ச்சலும் கண்டுவிட்டது. நொண்டிக்கொண்டு வைத்தியசாலைக்கு வந்தவரைப் பண்டிதர் வாசலிலேயே நிறுத்தினார்.

"உன் ஏழு நாள் நேற்றோடு முடிந்தது. அறுபது ஆண்டு கழித்து வா."

பொன்னாண்டி தம் சிநேகிதன் அம்பலத்தாடியிடம் வந்து விழுந்தார். அம்பலத்தாடி அரசவை விகடகவி. தம் மருந்துக்கு முகம் சுளிக்கும் சபை இவன் பேச்சுக்குச் சிரிப்பதால், பண்டிதருக்கு இவனைக் கண்டாலே ஆகாது.

"தம்பி, 'ஏழே நாளு, ஏழே நாளு'ன்னு ஊரெல்லாம் நாந்தானே கத்துனேன். என் நாளு எனக்கே ஞாபகம் வரலியே!"

அம்பலத்தாடிக்கு வயிறு எரிந்தது. கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. அவன் பிறவி அப்படி. பொன்னாண்டியின் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, ஆளை முதுகில் தூக்கிக்கொண்டு நேரே சபைக்குள் நுழைந்தான்.

"மன்னர் பெருமானே! ஒரு ராஜத்துரோகியைப் பிடித்து வந்திருக்கிறேன்!"

அரசர் வாளோடு எழுந்துவிட்டார். "என்ன துரோகம்?"

"தங்கள் ஓலைப்படி இவர் அறுபது ஆண்டு காத்திருக்க வேண்டும். இவரோ அமாவாசைக்குள் செத்துப்போகத் திட்டமிட்டிருக்கிறார்!"

"உண்மையா?" என்று உறுமினார் அரசர்.

"ஆமாங்க மகாராசா. கால் இருக்கற இருப்பப் பாத்தா, அதுக்கு முந்தியே போனாலும் போயிருவேன்."

பண்டிதர் குறுக்கிட்டார். "அரசே, சாவதும் இருப்பதும் அவன் பாடு. நமக்கென்ன?"

"கேட்டீர்களா? அரச கட்டளையை மீறுவது அவர் பாடாம்! பண்டிதரும் உடந்தை! இன்னொரு கயிறு கொண்டு வாருங்கள்!" என்று கத்தினான் அம்பலத்தாடி.

பண்டிதருக்கு முகம் வெளுத்தது. "ஐயோ, நான் அப்படிச் சொல்லவில்லை! அவன் சாகவே கூடாது!"

"எதுவரை?"

"நூற்றிருபது வயதுவரை!"

"காத்திருக்க உயிர் வேண்டுமே, பண்டிதரே. உயிர் நிற்க மருந்து வேண்டும். அதை யார் கொடுப்பது?"

பண்டிதர் மருந்துப் பையை அவிழ்த்து அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார். பொன்னாண்டியின் காலை மடியில் ஏந்தி எண்ணெய் தடவினார். "ஆட்டாதே ஐயா! நீ செத்தால் என் தலை போகும்!" என்று கெஞ்சினார். அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை சரிந்தது.

அதற்குள் வாசலில் ஒரே அமளி. ஏழு நாளைத் தவறவிட்டவர்கள், தடியும் நரையுமாக முந்நூறு பேர், சேதி கேட்டுத் திரண்டு நின்றார்கள்.

"எங்களையும் புடிங்க! நாங்களும் துரோகிங்கதான்!"

"வர்ற வெள்ளிக்கிழமையே சாகலாம்னு இருக்கேன், என்னை மொதல்ல கட்டுங்க!" என்று ஒரு கிழவர் கையை நீட்டிக்கொண்டு முண்டினார்.

அரசருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஓலையை வாங்கி இரண்டாகக் கிழித்தார். "நாளும் வேண்டாம், ஆண்டும் வேண்டாம். யாருக்கு எப்போது வலிக்கிறதோ அப்போது வரட்டும்" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் உள்ளே புகுந்துவிட்டது. அரசர் காலைத் தூக்கிச் சிம்மாசனத்தில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தபடியே தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தாடியின் கழுத்தில் போட்டார். அம்பலத்தாடிக்கு அதைத் தொட்டுப் பார்க்கக்கூட நேரமில்லை. அவன் முதுகில் அதற்குள் இன்னொரு துரோகி ஏறி உட்கார்ந்திருந்தார்.