சித்திரைப் பனியும் குளிகை நேரமும்

எனக்கு அநியாயம் செய்தவர் மிளகு வணிகர் திருவம்பலம். பெயரைச் சொல்லிவிட்டேன். இனிக் கதையைக் கேளுங்கள்.

ராஜாக்கள் யானைமேல் போன காலம் அது. எங்கள் தெற்குச் சீமை மிளகு வடக்கே பனிமலை தாண்டிப் போய் விலையாகும். மூட்டை அவருடையது. அதைச் சுமந்த கோவேறு கழுதை செவலை என்னுடையது. எனக்குச் சோறு போட்டவள் அவள் ஒருத்திதான்.

கணவாய்க்கு வந்தபோது சித்திரை பிறந்திருந்தது. அன்றைக்கென்று இரவெல்லாம் பனி கொட்டியது.

"சித்திரையில் ஏது பனி? பஞ்சாங்கத்தில் இல்லையே" என்றார் வணிகர், தலைப்பாகையிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டே.

"முதலாளி, பழைய பனிமேல் புதுப் பனி ஒட்டாது. வெயில் பட்டால் சரிவு மொத்தமும் வழுக்கி வரும். இருட்டோடு தாண்டிவிடுவோம்" என்றேன்.

"இப்போது கிளம்பினால் பாதி வழியில் எமகண்டம் பிடிக்கும். அது கழியட்டும்."

கழிந்தது. கிளம்பினோம். செவலை தும்மினாள். ஒற்றைத் தும்மல் ஆகாது என்று உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

அதற்குள் குளிகை வந்துவிட்டது. "குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும். இந்தக் கணவாய்க்கே மறுபடி மறுபடி வர எனக்கென்ன தலையெழுத்தா?"

காலை வெயில் முகட்டிலிருந்து சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. செவலையைப் பார்த்தேன். அவள் போனால் நான் பிச்சைதான் எடுக்க வேண்டும்.

"நாங்கள் போகிறோம். என் அடி பார்த்து இப்போதே வாருங்கள்" என்றேன்.

"எழுத்துக் கூட்டத் தெரியாதவன் எனக்கு நேரம் குறிக்கிறாயா, இருளப்பா? போ, போ."

போனோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் சேர்ந்தோம்.

வணிகர் சுப நேரம் பார்த்து, வலது காலை முன்வைத்துப் பத்தடி வந்தார். சோற்றுப்பானை கவிழ்ந்ததுபோல மலை கவிழ்ந்தது. ஓய்ந்த பிறகு பார்த்தால், தலைப்பாகையும் முகமும் மட்டும் வெளியே இருந்தன.

இனிச் சரிய ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டு, திரும்பி ஓடிச் சோற்றுச் சட்டியால் தோண்டினேன்.

"இருளப்பா, நீ சொன்னதுதான் சரி என்று ஊரில் நாலு பேர் முன்னால் சொல்வேன்."

"இப்போதே ஒரு தரம் சொல்லிப் பாருங்களேன், முதலாளி."

"வாயெல்லாம் பனி" என்றார்.

ஊருக்கு வந்ததும், புதைந்தவன் நான், தோண்டியவர் அவர் என்று சந்தை முழுக்கச் சொன்னார். செவலையையா சாட்சிக்குக் கூப்பிடுவது?

ஆகையால், பனிமலை தாண்டுகிறவன் வெயிலுக்கு முந்திக் கிளம்ப வேண்டும், வழி தெரிந்தவன் பேச்சைக் கேட்க வேண்டும்.

திருவம்பலம் எனக்குச் சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தை இன்னும் பாக்கி.